பத்து நொடி மௌனம்

பழைய கட்டடத்தின் கடைசி அறை அது. சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்கு இரைச்சலாகக் கேட்கும். ஊரைவிட்டு வந்து எனக்குக் கிடைத்த வேலை, வருகிறவர்கள் தலையில் கம்பிகளை ஒட்டி, காதில் ஹெட்போன் மாட்டிவிடுவது. குழந்தை சிரிப்பு, தட்டில் ஆணி கீறல், மழை என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் மூளை எப்படித் துள்ளுகிறது என்பது கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே திரையில் கோடாக ஓடும். பயம் என்றால் ஊசி ஊசியாக. சந்தோஷம் என்றால் மெத்தென்ற அலை.

நடுவில் பத்து நொடி மௌனம். அப்போது கோடு படுத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் வந்த ஒன்பது பேருக்கும் அங்கேதான் ஊசி உச்சிக்குப் போனது. எதுவும் கேட்கவில்லை என்றுதான் ஒன்பது பேரும் சொன்னார்கள்.

நான் கம்பி ஒட்டுவது சரியில்லை, இன்னொரு தடவை இப்படியானால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்றார் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா.

"அந்த மௌனத்த எங்க எடுத்த?"

"இந்த ரூம்லதான் மேடம். ஆள் இல்லாதப்ப மைக் வச்சுப் பிடிச்சேன்."

"எனக்கே காது குத்துறியா? நீயே உட்காரு."

உட்கார்ந்தேன். அவரே கம்பிகளை ஒட்டிவிட்டு வெளியே போய், மிஷின் உண்டாக்கிய மௌனத்தை ஓடவிட்டார். கோடு அசையாமல் படுத்தது. ஒட்டுவதில் கோளாறில்லை, என் பதிவில்தான் என்றார். வேலை தப்பியது. நிம்மதியாக ஹெட்போனைக் கழற்றினேன்.

அறையின் மௌனம் காதில் இறங்கியது.

பிடரி சில்லிட்டது.

"அசையாத தம்பி." சுவர் ஸ்பீக்கரில் அவர் குரல் கிசுகிசுத்தது. "உனக்கு ஊசி ஏறுது."

கண்ணாடி வழியே திரையைப் பார்த்தேன். என் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு ஓடியது. எதிரே காலி நாற்காலியில் தொங்கிய உபரிக் கம்பிகளின் கோடு. அது செத்துக் கிடக்க வேண்டிய கோடு.

"அத யாருக்கு மாட்டுன?"

"யாருக்கும் இல்ல." சொல்லும்போதே அழுகை வெடித்தது.

கீழ்க்கோடு அலையாக எழுந்தது.

குழந்தை சிரிப்பைக் கேட்டால் வரும் அதே அலை.

எழுந்து ஓடிக் கதவைத் தள்ளினேன். வெளியே தாழ்ப்பாள் விழும் அதிர்வு கையில் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் அழு," என்றார் டாக்டரம்மா. "பதிவாகட்டும்."

ஒருவழியாகக் கதவு திறந்ததும், அன்றே வேலையை விட்டேன். இப்போது என் அறையில் ஃபேனை நிறுத்துவதே இல்லை. நேற்று மத்தியானம் கரண்ட் போனது. நான் அழவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கால்மாட்டில், மெத்தை மெல்ல அமுங்கியது.