அந்த ஒரு லோடு

சோலார் போட ஆள் வருகிறார் என்றால் கூடவே கொஞ்சம் வெயிலாவது வர வேண்டாமா? வந்தது மழை. அதுவும் கொட்டு கொட்டென்று...

கையில் பாதி தைத்த சீருடைச் சட்டையோடு அவள் கதவைத் திறந்தாள். வாசற்படியில் தொப்பலாக நனைந்து ஒருவன் நின்றான். தோளில் பை, கையில் அளவு டேப். தலையிலிருந்து இறங்கிய தண்ணீர் இமையில் வந்து தயங்கி நின்றது. இமைக்குக் கீழே... சரி, கண்கள்தான். எல்லோருக்கும் இருப்பதுதான். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்த பிறகு, விரலிடுக்கில் வைத்திருந்த ஊசி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சோலாருக்கு வரச் சொன்னீங்களாமே..."

"வெயில் அடிக்கிறப்ப வரச் சொன்னோம்."

"வெயில்ல எல்லா மாடியும் அழகாத்தாங்க இருக்கும். மழையிலதான் அதோட குணம் தெரியும்."

"மாடிக்கெல்லாம்கூட குணம் இருக்கா?"

"மாடிக்கு மட்டுமா..." என்று ஆரம்பித்தவன், அவள் முறைத்த முறைப்பில் மீதியை விழுங்கிக்கொண்டான்.

முன்னறையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "படியில நிக்காதீங்க... உள்ள இடம் இருக்கு... ஏறி உள்ள வாங்க!"

அவளுடைய அப்பா. பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷமாகிவிட்டது, பஸ்தான் இன்னும் அவரை விட்டு இறங்கவில்லை. வாசலில் யார் நின்றாலும் இதே கூப்பாடுதான். ஆனால் இப்போதெல்லாம் அந்த ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. நுரையீரல் கெட்டுவிட்டது. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஓயாமல் உறுமும் ஆக்ஸிஜன் மெஷின். கரண்ட் போனால் அந்த உறுமல் நிற்கும். அவள் ஓடிவந்து சிலிண்டரை மாட்டுகிற வரைக்கும் அப்பாவின் கண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல்தான் அவள் சோலார் போடத் துணிந்தாள்.

முன்பே ஒருவர் வந்து போயிருந்தார். மாடிப் பக்கம் தலையைக்கூடத் தூக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே, "எல்லாம் ஓடும் மேடம், கவலையே படாதீங்க" என்று தேனொழுகப் பேசினார். அவர்மேல் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இவன்மேல் வந்தது. மழையில் நனைந்துகொண்டே, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று குனிந்து குனிந்து அளப்பவன்மேல் எப்படி வராமல் இருக்கும்?

கீழே வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். தையல் மெஷினின் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மாடி... இது சரியான ராட்சசி!" என்றான்.

"யாரைச் சொல்றீங்க?"

"ஐயோ, பெட்டியத்தாங்க!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளாகிவிட்டது அவள் வாய்விட்டுச் சிரித்து. கட்டிலில் இருந்த அப்பாவும் அதைக் கேட்டிருக்க வேண்டும். "வெயில் தம்பி தேவலையேம்மா" என்று அப்போதே அவனுக்குப் பேர் வைத்துவிட்டார்.

அதோடு அவன் கிளம்பிப் போயிருக்கலாம். விதி, மாடிப்படியில் நின்று ஆபீசுக்குப் போன் போட்டான். அப்பாவின் அறை ஜன்னல் அந்தப் படியைப் பார்த்துத்தான் இருக்கிறது. மழைச் சத்தத்துக்காகக் குரலை உயர்த்தி வேறு பேசினான்.

"வீடு சின்னதுதான். அந்த ஒரு லோடுதான் பிரச்சினை. எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருக்கு. அதை இறக்கிட்டா போதும், மத்தவங்க நிம்மதியா ஓட்டிக்கலாம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விறுவிறுவென்று படியேறிப் போனாள். "யாரை இறக்கப் போறீங்க?"

இந்த முறை அவள் கண்களில் சிரிப்பில்லை. அவன் விழித்தான். "இல்லைங்க... நான் மெஷினைத்தான்..."

"அந்த மெஷின்லதான் எங்கப்பாவோட மூச்சு இருக்கு. அவர் காதுபட லோடுங்கிறீங்க, இறக்கணும்கிறீங்க... வாய்ல வர்றதைக் கொஞ்சம் பார்த்துப் பேசக் கூடாதா?"

"கரண்ட் இழுக்கிற எதையும் எங்க தொழில்ல லோடுன்னுதாங்க சொல்லுவோம். நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். வந்த வழியைப் பார்த்துப் போங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். தெருமுனையில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்காதவள் மாதிரி நின்றாள்... பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது யாரையும் விட்டதில்லை. வேலையைத் தேனொழுகப் பேசியவரிடமே கொடுத்தாள். நம்பிக்கை இல்லாமலேதான் கொடுத்தாள். மாடியில் பேனல்கள் ஏறின, கூடத்தில் பேட்டரியும் இன்வெர்ட்டர் பெட்டியும் வந்து உட்கார்ந்தன. வீடு மொத்தமும் அந்த ஒரே பெட்டியில்தான். கரண்ட் போன நேரத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தும். ஓவர்லோடு என்று சிவப்பு விளக்கு மின்னும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

போன் போட்டுக் கேட்டாள். "அது அப்படித்தான் மேடம். கத்தும், தானா நின்னுடும்" என்றார் அவர்.

அது தானாக நிற்கவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்த நேரத்தில் இன்வெர்ட்டர் பெட்டி கத்தி அடங்கியது. சட்டைக் காலரை மடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு வீட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. உறுமல்... அந்த உறுமல் இல்லை. ஓடினாள்.

அப்பாவின் உதடுகள் கறுத்திருந்தன. கை, மெஷினின் சுவிட்சின்மேல் இருந்தது.

"அப்பா! என்ன பண்றீங்க!"

சுவிட்சைத் தட்டி, குழாயைச் சரிசெய்து, நெஞ்சைத் தடவிவிட்டு... அவருக்குப் பேச்சு வர வெகுநேரமாயிற்று.

"ஓவர்லோடும்மா... வண்டி கத்துதுல்ல... யாராவது ஒருத்தர் இறங்கித்தானே ஆகணும்... நீ தைக்கணும்... நான் செத்த நேரம் இறங்கி நின்னா..."

"இதுக்கு முன்னாடியும் பண்ணியிருக்கீங்களா?"

அவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பெட்டி ஒவ்வொரு முறை கத்தும்போதும் அப்பா இறங்கி நின்றிருக்கிறார். அவள் இந்தப் பக்கம் சட்டை தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முப்பது வருஷம் அடுத்தவர்களை ஏற்றி இறக்கியவருக்கு, 'லோடை இறக்கணும்' என்ற பேச்சு வேறு எப்படித்தான் புரிந்திருக்கும்?

மானம் மரியாதை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அவள் அவனுக்குப் போன் செய்தாள். "நீங்க அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்களோ... அதை எங்கப்பாகிட்ட வந்து சொல்லிடுங்க. தயவுசெய்து." பஸ்ஸிலிருந்து இறங்குவதாக நினைத்து அப்பா மெஷினை நிறுத்தியதையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அன்றும் மழை. அன்றும் நனைந்துதான் வந்தான். படியிலேயே நின்றுவிட்டான்.

"படியில நிக்..." என்று அப்பா ஆரம்பித்தார். மூச்சு அதற்குமேல் போகவில்லை.

அவன் உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். "ஐயா, நெரிசல்ல முடியாதவங்க யாராவது ஏறினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சீட்டு... குடுக்கச் சொல்லுவேன்."

"நான் அதுக்கும் மேல ஒண்ணு யோசிச்சேன். இந்த நெரிசல்லேருந்து உங்களை இறக்கி, உங்களுக்குன்னே தனி வண்டி விடணும்னு சொன்னேன். இந்த மெஷினுக்கு மட்டும் தனி பேட்டரி. இன்வெர்ட்டர் கத்தினாலும் சரி, வீடே இருண்டாலும் சரி, உங்க வண்டி நிக்காது. அதைத்தான் பாதி சொன்னேன்... மீதியைச் சொல்லத்தான்..."

"நான்தான் விடலை" என்றாள் அவள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும், "தனி வண்டியா... டிக்கெட் உண்டா?" என்றார்.

"கண்டக்டருக்கு ஏதுங்க டிக்கெட்!"

மறுநாளே கட்டிலடியில் தனி பேட்டரி வந்தது. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பச்சை எழுத்தில் அது சொல்லும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். அவனும் அடிக்கடி வந்தான். பேனலில் தூசி துடைக்க என்று ஒரு நாள், ஸ்குரூ இறுக்க என்று ஒரு நாள். "அந்த ஸ்குரூ இன்னும் எத்தனை தடவைம்மா லூஸாகும்?" என்று அப்பா கண்ணைச் சிமிட்டுவார். அவள் முகம் சிவந்து சமையலறைக்குள் ஓடுவாள். அங்கே நின்று மாடியில் கேட்கும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஏற்கெனவே தேய்ந்திருந்த நுரையீரல், இறங்கி இறங்கி நின்றதில் இன்னும் தேய்ந்துவிட்டது என்றார் டாக்டர். நல்ல வெயிலடித்த ஒரு காலையில் அப்பா போய்விட்டார். கரண்ட் இருந்தது. பேட்டரி நிறைய இருந்தது. மெஷின் உறுமிக்கொண்டுதான் இருந்தது. மூச்சுதான் இல்லை.

எல்லோரும் வந்தார்கள், போனார்கள். அவனும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள்... பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் படியில் தான் கத்தியதுதான் காதில் கேட்டது. அன்றைக்கு அவன் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தால், அப்பா ஒரு தடவைகூட இறங்கியிருக்க மாட்டார். வீம்பு பிடித்தது அவள். இறங்கியது அப்பா. இதற்கு என்ன சமாதானம் சொல்லிக்கொள்வது?

பிறகு நாட்கள் வந்தன, சும்மா வந்தன. தையல் மெஷின்மேல் தூசி படிந்தது. கட்டிலடியில் மட்டும் அந்தப் பச்சை எழுத்து எரிந்துகொண்டே இருந்தது. நூறு. காலையில் நூறு, சாயங்காலம் நூறு. வெயில் பாட்டுக்கு வந்து நிரப்பப் பார்த்தது. எடுத்துக்கொள்ளத்தான் யாருமில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது.

போன் செய்தாள். "பேட்டரி ரிப்பேர்னு நினைக்கிறேன். நூறுலயே நிக்குது. வந்து கழட்டிட்டுப் போயிடுங்க."

அவன் வந்தான். வானம் மூடியிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் படியைத் தாண்டவில்லை.

"அது ரிப்பேர் இல்லைங்க" என்றான்.

"தெரியும்."

"லோடு இல்லை... அதான்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட வராத அழுகை. கதவைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அவன் தேற்றவில்லை. அவன் கண்களும் நிறைந்திருந்தன.

"அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தாங்க" என்றான் கடைசியில். "மன்னிச்சிடுங்கன்னு கேக்க வரலை. அன்னைக்கு மழையில இந்தப் படியில நின்னப்பவே உங்களைப் புடிச்சுப் போச்சு... சொல்லிடலாம், சொல்லிடலாம்னு ஒரு நல்ல நாளா பார்த்துக்கிட்டு இருந்தேன். இனிமே நல்ல நாள்னு ஒண்ணு வரும்னு எனக்குத் தோணலை. அதான் கெட்ட நாள்லயே சொல்லிடறேன். பதில் வேணாம். கழட்டிட்டுப் போயிடறேன்."

"எங்கப்பா போனதுக்கு நான்தான் காரணம். அது தெரிஞ்சுமா சொல்றீங்க?"

"நம்ம ரெண்டு பேரும்தாங்க. நீங்க ஒருத்தரே அதைச் சுமக்க வேணாம்."

மழை பிடித்துக்கொண்டது. அவன் நகரவில்லை. தலையிலிருந்து தண்ணீர் இறங்கி இமையில் நின்றது, முதல் நாள் மாதிரியே... அவள் தன்னை அறியாமல் முன்னறையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கூப்பாட்டுக்காகக் காது தானாகக் காத்திருந்தது. கட்டில் காலியாக இருந்தது. வாசலில் ஒருவன் நனைகிறான், உள்ளே வா என்று சொல்ல இந்த வீட்டில் இனி அவளைத் தவிர ஆளில்லை.

"படியில நிக்..."

அப்பாவுக்கு மூச்சு நின்ற அதே இடத்தில் அவளுக்கும் குரல் நின்றுவிட்டது. கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, மறுபடியும் ஆரம்பித்தாள்.

"படியில நிக்காதீங்க... உள்ள இடம் இருக்கு."