குழிந்த முகம்

பட்டறைக்குள் நுழைந்ததும் சிற்பிக்கு அது உறைத்தது. சுவரில் இருந்த அச்சு அவரைப் பார்க்கவில்லை.

முகத்தில் பிளாஸ்டர் பூசி எடுக்கும் அச்சு உள்பக்கமாகக் குழிந்திருக்கும். ஆனால் தள்ளி நின்று பார்த்தால் புடைத்த முகமாகவே தெரியும். நாம் நடந்தால் அதுவும் கூடவே திரும்பும். கண் செய்யும் ஏமாற்று வேலை. வாலிபத்தில் தன் முகத்தில் அவரே எடுத்த அச்சு அது. இத்தனை வருஷமும் அவரைத்தான் தொடர்ந்து வந்தது. இன்று அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவி டீயோடு வந்தாள். முகம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"நீங்க பாக்கறதைவிட இதுதான் என்னை அதிகமா பாக்குது," என்று சிரித்தாள்.

"குழிஞ்ச முகம்னா அப்படித்தான். யார் போனாலும் பாக்கும்."

"அதுக்கு ஏன் எரிஞ்சு விழறீங்க? கண்காட்சிக்காரம்மா போன் பண்ணாங்க. சிலையை மட்டும் அனுப்பினா போதுமாம். நீங்க அலைய வேணாமாம்."

அலைய வேண்டாமாம்! அவள் போன பிறகும் அந்தச் சொல் காதைக் குடைந்தது. வெண்கலத்திலும் மெழுகிலும் அந்த அச்சின் வாலிப முகத்தை வார்த்து வார்த்துத்தான் அவர் பேர் வாங்கினார். போன கண்காட்சியில் ஒரு பெண் சிலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க பையனா சார்?" என்றாள். தலைக்குச் சாயம், கன்னத்துக்கு ஊசி, சுருக்கம் விழாமலிருக்க மல்லாந்தே தூக்கம். எல்லாம் இந்தத் திருடனுக்காகவா?

சுத்தியலை ஓங்கினார். கை இறங்கவில்லை. அவ்வளவு அழகு. சுத்தியலை மேஜைமேல் எறிந்தார். என் முகம்தானே? இப்போதும் எனக்குப் பொருந்தாதா என்ன?

ஆணியிலிருந்து அச்சைக் கழற்றி, கூரைத் தகரத்தில் மழை இரையும் அந்த மங்கல் வெளிச்சத்தில், பழைய பிளாஸ்டரின் சுண்ணாம்பு வாடையும் தூசியும் மூக்கில் ஏற, இரு கையாலும் ஏந்தி முகத்தை அதற்குள் பதித்தபோது, தொங்கிய கன்னங்கள் மேலேறி, நெற்றி இழுபட்டு, மூக்கு தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது.

பொருந்தியது. அச்சுக்குள்ளேயே சிரித்தார்.

அப்போது அது சுட்டது. ஈரப் பிளாஸ்டர்தான் இறுகும்போது சுடும். இது என்றோ காய்ந்தது.

இழுத்தார். வரவில்லை. மூச்சுக்காக மூக்குக்கு நேரே விட்டிருந்த இரண்டு துளைகள்... மெழுகு ஒழுகாமலிருக்க அவரே களிமண் வைத்து அடைத்திருந்தார். அவரே. நகம் பிய்ந்தது. காற்றில்லை. இருட்டு.

பிறகு வெளிச்சம்.

பட்டறை இப்போது சுவர் ஆணியின் உயரத்திலிருந்து தெரிந்தது. கீழே, அவருடைய சட்டையில் ஒருவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மனைவி டம்ளர் எடுக்க வந்தாள்.

"என்னங்க இது! முகம் பளிச்சுனு... கல்யாணத்தப்போ பார்த்த மாதிரியே இருக்கீங்க!"

கத்தினார். உதடுகள் மூடியே வார்க்கப்பட்டிருந்தன. அவள் நடந்தாள். அவரைக் கேட்காமலே அவர் முகம் அவளோடு திரும்பியது.

அவள் நின்றாள். "இன்னைக்கு இதோட பார்வையே சரியில்லைங்க. அழற மாதிரி இருக்கு."

"குழிஞ்ச முகம்னா அப்படித்தான்," என்றான் அவன், அவருடைய பழைய குரலில். "யார் போனாலும் பாக்கும்."

மேஜையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு அவன் வந்தான். இந்தப் பக்கம் ஓர் எட்டு. அந்தப் பக்கம் ஓர் எட்டு. சுவரிலிருந்த முகம் கூடவே திரும்பிக்கொண்டிருந்தது.