பொழுது சாய்ந்தபின் சோறு

விளக்கேற்றி வைத்துவிட்டு அனந்தி திரும்பும்போதுதான், சோறு பொங்கிக் கஞ்சி வழிந்து விறகில் தீய்கிற வாசனை, புகையும் சேர்ந்து, சமையலறைப் பக்கமிருந்து மெதுவாக வந்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று தள்ளிவிடவும் வழியில்லை. தெரு முழுக்க ஜைனர் வீடுகள். பொழுது சாய்ந்தால் ஒருத்தர் வாயிலும் பருக்கை படாது. இவள் வீட்டிலோ விறகடுப்பை இடித்தே பல வருஷமாகிவிட்டது.

புருஷன் மகாவீர் கடைக்குச் சரக்கெடுக்கத் திண்டிவனம் போயிருந்தான். வீட்டில் இவளும், மகள் கிருத்திகாவும், எழுந்து நடக்க முடியாத மாமனார் அப்பாண்டைராஜும்தான்.

கொஞ்ச நாளாகவே குழந்தை சாயங்காலச் சோற்றைத் தொடுவதில்லை. "அப்பறமா அண்ணனுங்களோட சாப்டறேன்" என்கிறது. எந்த அண்ணன்? பெற்ற வயிறு பதறாதா? இன்று அதட்டிக் கேட்டதற்கு, "கொல்லையில நிக்கிறாங்கல்ல, சட்டையெல்லாம் ரத்தமா. அவங்களுக்குப் பசிக்குதாம்மா" என்றது.

அனந்தி வாழ வந்த புதிதிலேயே ஊரார் காதில் போட்ட கதை அது. புரட்சி என்று கிளம்பிய மூன்று பையன்கள், அந்தக் காலத்தில், ஒரு மிராசுதாரை வெட்டிப்போட்டுவிட்டு மலையில் பதுங்கினார்கள். பசி தாங்காமல் ஒருநாள் இருட்டில் இந்தக் கொல்லைக் கதவைத் தட்டினார்கள்.

"பொழுது போயிடுச்சிப்பா, அடுப்பு பத்த வைக்க மாட்டோம். காலைல வாங்க, வயிறார போடறேன்" என்றாராம் மாமனார்.

காலையில் இலையும் போட்டார். முதல் கவளம் வாய்க்குப் போவதற்குள் ஒளிந்திருந்த போலீஸ் மூன்று பேரையும் சுட்டுத் தள்ளியது. போலீசுக்குச் சேதி சொல்லியனுப்பியவர் மாமனார்தான். அன்றிலிருந்து இருட்டினால் அந்தக் கதவை யாரும் திறப்பதில்லை.

இப்போது சமையலறையில் இலை விரிக்கிற சத்தம். தண்ணீர் தெளிக்கிற சத்தம்.

"மாமா, உங்களுக்கு எதுனா வாசன வருதா?"

மாமனார் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி.

"கிருத்தி! ஏய் கிருத்தி, எங்கடி கீற?"

குழந்தையையும் காணோம். ஐயோ, என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாதே. சமையலறைக்கு ஓடினாள்.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. தரையில் வரிசையாக இலைகள். மூன்று இலை வழித்துத் தின்று காலி. நாலாவது இலைக்கு முன்னால் மாமனார். சம்மணமிட்டு. நிமிர்ந்து. ஆயுசுக்கும் இருட்டில் பருக்கை தொடாத வாய் பிளந்திருந்தது. தொண்டை வரை சோறு. கண் இமைக்கவில்லை.

எதிரே கிருத்திகா மண்டியிட்டு, இன்னொரு பிடியை விரலால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"வேணாம் கண்ணு... அம்மாகிட்ட வந்துடு."

குழந்தை திரும்பிச் சிரித்தது.

"நீயும் உக்காரும்மா. ஒனக்கும் எல போட்ருக்காங்க."

ஐந்தாவது இலையில் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. போடுகிற கையைத்தான் காணோம்.