ஏழாவது சொம்பு

அந்த மே மாதத்தில் கள்ளிக்குப்பம் பள்ளத்தெருவில் தூசு படியாத சாமான் என்று ஒன்று இருந்தால், அது இன்னும் கடையிலிருந்து வீட்டுக்கு வராததாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே கவிழ்த்து வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டின் முதுகில் தூசு இருந்ததை உலகநாதன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளங்கையால் துடைத்துவிட்டு நிமிர்த்தினான். உள்பக்கத்திலும் இருந்தது. கோலமாவைவிட மெல்லிசாக, சாம்பல் நிறத்தில், தட்டு முழுக்கப் பரவி, நடுவில் மட்டும் யாரோ நான்கு விரலால் வழித்த தடம்.

"சொர்ணம், தட்டைக் கழுவுனியா இல்லியா?"

"காலைலியே கழுவிக் கவுத்தாச்சு." அடுப்படியிலிருந்து முதலில் கண்ணாடி வளையல் சத்தம் வந்தது, அப்புறம் இருமல், அப்புறம்தான் சொர்ணம். "ஊரு பூரா தூசியக் கெளப்பி உட்டுட்டு என்னை இன்னாயா கேக்குற? நீதான தூசு ஆபீசரு?"

தெரு அவனுக்கு வைத்த பெயர் அது. ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கும் வேலையில் மாசுத் தடுப்பு மேற்பார்வையாளர் என்பது காகிதத்தில் இருந்த பெயர். பழைய கேலரியை இடித்துப் புதிது கட்டப் பணம் கொடுத்த மேலிடம், கூடவே ஒரு நோட்டையும் கொடுத்து அனுப்பியிருந்தது. இடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். கூரையிலிருந்து இறக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஈரமாக வைத்துத் தார்ப்பாயில் சுற்ற வேண்டும். வேலியைச் சுற்றிச் சாக்குத் தொங்கவிட்டு மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இடிபாட்டைப் பக்கத்திலிருக்கும் தாங்கல் ஏரியில் கொட்டக் கூடாது. இதையெல்லாம் செய்தாயிற்று என்று தினமும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டுமல்லவா, அதற்கு உலகநாதன். கையெழுத்து நன்றாகவே இருக்கும்.

இதெல்லாம் தொண்ணூற்று மூன்றாம் வருஷக் கோடை வரைக்கும். அந்த வருஷம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பின்னிரவில் எழுந்து அடிபம்பில் வரிசை போட்டு, ஒரு குடத்துக்காகக் கூடப்பிறந்தவள் மாதிரி பழகியவளின் மயிரைப் பிடித்து இழுத்த கதையெல்லாம் தெருவில் நடந்தது. ஸ்டேடியத்துக்கோ தூசு அடக்க என்று தினமும் இரண்டு லாரி தண்ணீர்.

"மண்ணுக்கு ஊத்துறத மனுசாளுக்கு ஊத்துனா குத்தமா?" என்று சொர்ணம்தான் ஆரம்பித்தாள்.

முதலில் வாரத்துக்கு ஒரு லாரி தெருவுக்குள் திரும்பியது. பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். சித்திரை முடிவதற்குள் இரண்டுமே. லாரி வாலில் தொங்கும் ட்யூபைப் பிடித்துக்கொண்டு யாருக்கு மூன்று குடம், யாருக்கு ஐந்து குடம் என்று சொர்ணம் தீர்ப்புச் சொன்னாள். ஆறு மாதம் முன்புவரை 'மலடி' என்று முதுகுக்குப் பின்னால் பேசிய வாய்களெல்லாம் 'சொர்ணக்கா, சொர்ணக்கா' என்றன. இரவில் அவள் புரண்டு படுக்கும்போது கேட்கும் வளையல் சத்தத்தில்கூட ஒரு மிடுக்கு வந்திருந்தது. அது கேட்டால்தான் உலகநாதனுக்குத் தூக்கம் பிடித்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெருவில் ஒருத்தரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டேடியத்தில் சாக்குகள் மொடமொடத்துத் தொங்கின. ஷீட்டுகளை நனைக்காமல் காய்ந்தபடியே உடைத்தார்கள். நோட்டில் அழகான கையெழுத்தில்: தூசு இல்லை.

நின்றுபோனது இன்னொன்றும் உண்டு. ஸ்டேடியம் வாசலோரம் ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. வேலை முடிந்ததும் சித்தாள்கள் ஏழு பேரும் ஒவ்வொருவராக வந்து அதன் முன் வரிசையாகக் குந்துவார்கள். முதல் ஆள் தனக்கு ஊற்றிக்கொண்டு இரண்டாம் ஆளுக்கு ஊற்ற, இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளுக்கு ஊற்ற, ஒவ்வொரு சொம்புக்கும் உலகநாதன் ஒன்று, இரண்டு என்று உரக்கச் சொல்லுவான். வேலைக்கு வந்தவர்கள் திரும்பிவிட்டார்களா என்று பார்க்க அந்த இடத்தில் இருந்த ஒரே கணக்கு அதுதான். கடைசியாக வருவது எப்போதும் பூங்காவனம், ஷீட்டுத் துண்டுகளைக் கூட்டி அள்ளுகிறவள். நெட்டை உடம்பு, நீட்டு வாய். டிரம்மை எட்டி எட்டிப் பார்த்தபடி அவள் வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் சொம்பைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் குழித்து நீட்டுவாள்.

"எனுக்கு ஊத்த ஆளில்ல சாரே. நீயே ஒரு சொம்பு ஊத்திடு. புண்ணியமாப் பூடும்."

முணுமுணுத்துக்கொண்டே ஊற்றுவான். ஏழு. கணக்கு முடிந்தது.

டிரம் காய்ந்த பிறகு சித்தாள்கள் முந்தானையால் ஒருத்தியை ஒருத்தி பட் பட்டென்று அடித்துத் தூசு தட்டிக்கொண்டு போனார்கள். வரிசை இல்லை. எண்ணிக்கையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மேற்குச் சுவரைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஒரு சொட்டு ஈரமில்லாத சுவர். விழுந்ததும் எழும்பிய தூசில் நடுப்பகல் அந்தி மாதிரி ஆகி, நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாமல் போய், அரை மணி நேரம் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது இருமலை வைத்துத்தான் தெரிந்தது. தூசு இறங்குவதற்குள்ளேயே லாரியில் ஏற்ற ஆரம்பித்தாயிற்று. திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டது, குப்பைக்கு ஒதுக்கிய பள்ளமோ தூரம், தாங்கல்தான் கிட்டத்தில். மூன்றாம் நடையில் டிரைவர் செங்கல்வராயன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"சார், கல்லுக்குள்ள ஒரு ரப்பர் செருப்பு கீது. ஒத்தச் செருப்பு. வாரு அறுவல சார், யாரோ மாட்டிகினு இருந்தாப்ல கீது."

தோண்டச் சொல்லியிருக்கலாம். தோண்டினால் வேலை நிற்கும். வேலை நின்றால் ஏன் நனைக்கவில்லை என்று கேள்வி வரும். லாரித் தண்ணீர் எங்கே என்று அடுத்த கேள்வி, பள்ளத்தெருவில், சொர்ணத்தின் கையிலிருக்கும் ட்யூபில் வந்து முடியும்.

"கெடக்கட்டும். ஏத்து."

மறுநாள் காலையில் ஆறு பேர் வந்தார்கள். பூங்காவனம் ஊருக்குப் போயிருப்பாள் என்று அந்த ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அன்று இரவு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோது சொர்ணம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னான். அவள் வளையலை உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஏழுன்னே எழுதிடு. சித்தாளு தானே? தேட யாரு வரப் போறாங்க?"

எழுதினான். வந்தவர் ஏழு. போனவர் ஏழு. தூசு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தட்டின் உள்ளே தூசு. திங்கட்கிழமை துணி கட்டி வைத்திருந்த அரிசிப் பானைக்குள், பிரிக்காத தீப்பெட்டிக்குள், தைத்த தலையணைக்குள். சன்னல்களையெல்லாம் சாத்தி, ஸ்டேடியம் வேலியிலிருந்து கொண்டுவந்த சாக்குகளை நனைத்து அவற்றின் மேல் தொங்கவிட்டாள் சொர்ணம். ஸ்டேடியத்துக்கு இல்லாத ஒழுங்கு அந்த வீட்டுக்கு வந்தது. பகலிலும் வீடு இருட்டாகி, ஈரச் சணல் நாற்றமும் இடித்த சுண்ணாம்பின் காரமும் தொண்டையில் நின்றன. பின்பக்கம் துணி துவைக்கிற கல் இருக்கும் இடத்திலிருந்து யாரோ முந்தானையை உதறி அடிக்கிற மாதிரி பட், பட் என்று மதியமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் கல் மட்டும்தான். கல்லின் மேல் இரண்டு கைத்தடம், பக்கத்தில் பக்கத்தில், குழிந்த வாக்கில்.

"இந்தா, இங்க பாரேன்." அன்று சாயங்காலம் சொர்ணம் முழங்கையை நீட்டினாள். சாம்பல் பூத்திருந்தது. "எத்தினி தபா கழுவினாலும் போவ மாட்டுது. கழுவக் கழுவ உள்ளருந்து வருது."

"பவுடர் பூசினாப்ல நல்லாத்தான் கீற, போ," என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அவள் வாயைப் பொத்திய கை விலகியபோது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சாம்பல் உலர்ந்து கிடந்தது. அவள் நடந்துபோன சிவப்புச் சிமெண்டுத் தரையில் குதிகால் தடம் வெள்ளையாக விழுந்தது. உலகநாதன் துடைப்பத்தை எடுத்து அதைக் கூட்டினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான். வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. சோறு பாதி வெந்த வாசனை. காலுக்கடியில் தூசு, கணுக்கால் வரை, சுடுமணல் மாதிரி வெதுவெதுப்பாக.

"சொர்ணம்?"

வளையல் சத்தம் இல்லை.

வீட்டில் வளையல் சத்தம் இல்லாத மதியம் என்று ஒன்றை அவன் இதுவரை கேட்டதில்லை. கூடத்தைத் தாண்டினான். அடுப்படியைத் தாண்டினான். பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. வெளியே பட், பட் என்று கேட்டது. நின்றது.

துவைக்கிற கல்லுக்கு முன்னால் ஒருத்தி குந்தியிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். தலையிலிருந்து கால்வரை சாம்பல். மயிர், சேலை, தோல் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே சாம்பல். அவன் காலடி கேட்டு மெல்லத் திரும்பினாள். அவன் காலடி கேட்டு மெல்லத் திரும்பினாள். இரண்டு கைகளையும் சேர்த்தாள். குழித்தாள். நீட்டினாள்.

"ஊ... த்து."

குரலா அது. காய்ந்த சாக்கு கிழிகிற சத்தம்.

ஓட நினைத்தான். சொர்ணம் எங்கே? இவள் சொர்ணத்தை என்ன செய்தாள்? அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது, இவள் கேட்பது தன் ஒரு சொம்பைத்தானே. கொடுக்காத அந்த ஒரு சொம்பு. ஊற்றினால் கணக்கு முடியும். போய்விடுவாள். வீடு வீடாகும். கல்லுக்குப் பக்கத்தில் இருந்த அண்டாவின் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஸ்டேடியத்துத் தண்ணீர்.

மொண்டான். தலையில் ஊற்றினான்.

சாம்பல் கரைந்து வழிந்தது. அடியில் முகம் தெரியும் என்று பார்த்தான். அடியிலும் சாம்பல். இன்னொரு சொம்பு. நெற்றி இறங்கியது. ஈரச் சர்க்கரை மாதிரி, ஓசையில்லாமல். வாய் இருந்த இடம் திறந்தது.

"யோ..."

கேட்கக் கூடாது. இவள் பேச்சைக் கேட்கக் கூடாது. மூன்று. நான்கு. கைகள் இப்போது ஏந்தவில்லை. மறித்தன, வேண்டாம் என்பது போல ஆடின. அவன் நிறுத்தவில்லை. தோள் சரிந்தது. ஐந்து. மறித்த கைகள் முழங்கையோடு கழன்று கல்லில் விழுந்து குழம்பாயின. ஆறு. அண்டாவின் அடியைச் சொம்பு உரசியது. கத்திக்கொண்டே ஊற்றினான்.

ஏழு.

சாம்பல் தண்ணீர் சாக்கடை வாயை நோக்கி ஓடியது. அதில் ஏதோ உருண்டது.

கிணுங்.

நின்றான்.

கிணுங். கிணுங். பச்சைக் கண்ணாடி வளையல்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஜல்லடையில் போய் முட்டின. அவற்றின் பின்னால் மஞ்சள் கயிறு. கயிற்றில் அவன் கட்டியது.

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம், வாசலில் நான்கைந்து பெண்களின் சிரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக எதிர்வீட்டு ராஜம்மாவின் குரல்.

"சொர்ணக்கா! லாரி வந்துகினு கீது! ட்யூபப் புடிக்க வாக்கா, சீக்கிரம்!"

அவன் குனிந்து மஞ்சள் கயிற்றை எடுக்கப் போனான். சொம்பைப் பிடித்திருந்த ஈரக்கையில் சுண்டுவிரல் இல்லை. அது இருந்த இடத்திலிருந்து சாம்பல் ஒழுகியது. வலிக்கவில்லை.

பட்.

பின்னால், அடுப்படி வாசலில், மிக அருகில்.

பட்.

திரும்பினான். நிலைப்படி இடிக்காமலிருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நெட்டை உடம்பு. ஒரு காலில் ரப்பர் செருப்பு. மறுகால் வெறுங்கால்.

"வரிசையில கடைசி ஆளு நான்தான சாரே," என்றாள் பூங்காவனம். "எனுக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்கெல்லாம் ஊத்திட்டு வா."

வாசற்பக்கம் சிரிப்பும் குடங்களும் உள்ளே நுழைந்துகொண்டிருந்தன. "இன்னாக்கா, சத்தத்தையே காணோம்?" தூசில் பதிகிற அத்தனை கால்களின் தடமும் வெள்ளையாக விழுந்தது. முதலில் வந்த ராஜம்மா இருமினாள். வாயைப் பொத்தினாள். கையை விலக்கி, உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்து உற்றுப் பார்த்தாள்.