ஒன்றரை விநாடிக்குள் ஒரு சொல்

காலை ஏழரை மணிக்கு வீட்டின் வாயிற்கதவு வழக்கம்போல் வினவியது: "வெளியே செல்பவர் யார்?"

வளர்நிலா நெஞ்சு நிறைய மூச்சிழுத்தாள். "வளர்—" என்றதோடு நா ஒட்டிக்கொண்டது. ஒன்றரை விநாடி கடந்ததும், "வளர்மதி. சென்று வருக," என்று தானே முடித்துக்கொண்டு கதவு திறந்தது.

ஆறு வயதில் பள்ளி வாயிலில் நேர்ந்த பிழை அது. அன்றுமுதல் வீட்டில் அவள் வளர்நிலா, ஏட்டில் வளர்மதி.

நகரெங்கும் சுவர்களுக்குள் குடியிருந்த அக்கருவிக்கு 'நிரப்பி' என்று பெயர். அதன்முன் பேசுபவர் ஒன்றரை விநாடி தயங்கினால், எஞ்சிய சொல்லை அது நிரப்பும். நிரப்பியதே அவருடைய வாக்குமூலம் என்பது சட்டம். ஒன்றுமே பேசாதிருந்தாலோ, மௌனம் சம்மதம். முன்னோர் பழமொழியாகச் சொல்லிவைத்ததை அரசு விதியாக்கிவிட்டது. நேரம் மிச்சமாகிறதென்று பலரும் மகிழ்ந்தனர். பேருந்தில் ஏறித் "தி—" என்றால் போதும், திருச்செந்தூருக்குச் சீட்டு வந்துவிடும். திசையன்விளைக்குப் போகவேண்டியவர்தாம் பாவம்.

அவள் சொல்லை நிரப்பாத உயிர் ஒன்று உண்டு. மின்தூக்கி பழுதுபார்க்கும் அவள் தந்தை ஆவுடையப்பன், தாயில்லாத மகள் ஒரு சொல்லோடு மல்லுக்கு நிற்கையில், கையிற்பிசைந்த சோறு காய்ந்தாலும் வாய்திறவாமல் காத்திருப்பார்.

அன்று இருவரும் சட்டக் கல்லூரிக்குப் புறப்பட்டிருந்தனர். நுழைவுத் தேர்வு முழுவதும் வாய்மொழி வாதம். நிரப்பியை அணைத்துக் கூடுதல் நேரமும் தந்தாலன்றி அவளால் வாதிட இயலாது. திக்குவாய் உடையோர்க்கென 'நிரப்பி விலக்கு' என்றோர் ஏற்பாடு இருக்கத்தான் செய்தது. ஆனால் எழுத்து மனுக்கள் ஒழிந்து இருபதாண்டுகள் ஆகியிருந்தன. விலக்கு வேண்டுவோர் நிரப்பியின் முன்னின்றே, குறையின் பெயரைச் சொல்லிக் கேட்கவேண்டும்.

"பயமா இருக்காம்மா?" என்று பேருந்தில் கேட்டார் ஆவுடையப்பன்.

"ப— ப—" இரண்டு நிறுத்தங்கள் கடந்தன. "பயமாத்தான் இருக்குப்பா."

"நீ வக்கீலானா வாய்தாவே கேக்க வேண்டாம்ளா. ஒரு கேள்வி கேட்டு முடிக்கதுக்குள்ள கோர்ட்டு கலைஞ்சிரும்."

அவள் சிரித்துவிட்டாள்.

கல்லூரியின் விலக்குப் பிரிவில் எழுத்தர் சாராள் நடுவயதுப் பெண்மணி. வளர்நிலா நீட்டிய மருத்துவச் சான்றிதழைக் கண்டதும் தலையசைத்தாள். "தாளை நான் வாங்கக் கூடாதும்மா. சுவர்ல நிரப்பியோட அந்தப் பச்சை விளக்கைப் பாத்துச் சொல்லு. பதறாத."

ஒரு திங்களாக நாள்தோறும் கண்ணாடிமுன் பழகிய வாக்கியம். வளர்நிலா வாய்திறந்தாள். "எனக்குத் திக்கு—"

'வா' வரவில்லை. உதடுகள் குவிந்தன, காற்று தொண்டையிலேயே நின்றது.

"திக்கில்லை," என்று நிரப்பி முடித்தது. "திக்கற்றவராக ஏற்கப்பட்டீர். தந்தை ஆவுடையப்பன் காலமானதாகக் கொள்ளப்படும். ஆதரவற்றோர் ஒதுக்கீட்டில், தேர்வின்றியே சேர்க்கை. இசைவா, மறுப்பா?"

"அடப் பாவி, நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேனே!" என்று கத்தினார் ஆவுடையப்பன். விளக்கு அசையவில்லை.

"உங்க குரலை இப்பவே நிறுத்தி வச்சிருச்சு சார்," என்றாள் சாராள் மெதுவாக. "செத்தவங்க பேச்சு அதுக்குக் கேக்காது."

அவர் மகளின் காதருகே குனிந்தார். "சரின்னு சொல்லிரும்மா. ஏட்டுலதான சாவுதேன்? உனக்கு எடம் கெடைக்குதுல்லா."

அவர் மணிக்கட்டில் கைப்பட்டை பச்சையாய் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நாள்தோறும் இன்சுலின் தருவது அதுவே. ஏட்டில் இல்லாதவருக்கு அது ஒரு துளியும் தாராது.

மறுக்கவேண்டும். மூன்றெழுத்துச் சொல். வளர்நிலா முழுவலிமையையும் திரட்டினாள்.

"இ—"

ஒன்று. ஒன்றரை.

"இசைகிறேன்," என்றது நிரப்பி. "வாழ்த்துகள், மாணவி வளர்மதி."

"—ல்லை! இல்லை! இல்லை!" அறை முழுவதும் அதிர்ந்தது. அடைத்த சொல் இப்போது தங்குதடையின்றி வந்தது.

சாராளின் கண்கள் கலங்கின. "எனக்குக் கேட்டுச்சும்மா. நான் கேட்டது செல்லாதே. நீதிமன்றத்துல முறையிடு."

"எப்படி?"

சாராள் தலைகவிழ்ந்தாள். "வாயாலதான்."

கைப்பட்டையின் பச்சை ஒளி அவிந்தது. ஆவுடையப்பன் அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போவோம்," என்றார்.

வெளிவாயிலில் கதவு அவளை மட்டுமே நோக்கியது. "மாணவி வளர்மதி, உம்முடன் நிற்பவர் யார்?"

பேசாதிருந்தால் யாருமில்லையென்று ஆகிவிடும். பேசத்தொடங்கினாலோ, அது எந்தச் சொல்லில் போய் முடியுமோ! அவள் தந்தையின் கையை இறுகப் பற்றினாள்.

"அ—"

இருபதாண்டுகளாக அவள் சொல்லை ஒருமுறையேனும் முந்தாதவர், கதவின் விளக்கைப் பார்த்தார்; நடுங்கும் மகளின் உதடுகளைப் பார்த்தார். அவரால் பொறுக்க இயலவில்லை.

"அப்பா! அப்பான்னு சொல்லுதா! நான் அவ அப்பா!"

கதவுக்கு அது கேட்கவில்லை.

"அயலார்," என்று நிரப்பிக்கொண்டது.