ரத்தத்தில் என்ன ஓடும்?

"ஹலோ... லைப்ரரி புத்தகத்துல கிறுக்கறது குற்றம், தெரியுமா?"

அவன் நிமிர்ந்தான். அம்மாடி... என்ன கண்கள்! சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டையே மறந்துபோயிற்று. ஜன்னலுக்கு வெளியே மழை சோவென்று கொட்டியது. அவன் கையில் பென்சில், சட்டைப்பையில் ஸ்க்ரூடிரைவர். சட்டையில் தைத்திருந்த பட்டைப்படி, லிஃப்ட் மெக்கானிக்காம்! கல்லூரியில் குற்றவியல் நடத்தும் அவள் ஒரு வாரமாகத் தேடிய புத்தகம் இவன் மடியில்.

"குற்றம்தான் மேடம். ஏன் பண்ணேன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

"வறுமைன்னு சிலர் சொல்வாங்க, சகவாசம்னு சிலர். உங்களுக்குக் கொழுப்பு!"

"சரி... தண்டனை?"

"என் எதிர்ல உட்கார்ந்து அத்தனையும் அழிக்கணும்."

அழித்தான்... தினம் சாயங்காலம் நாலே பக்கம். வேண்டுமென்றே மெதுவாக அழிக்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவன் அழித்த பக்கங்களை மட்டும் அவளும் மெதுவாகவே படித்தாள். மூன்று வாரம் கனவாய் ஓடியது.

அவள் வாய் சும்மா இருந்ததா? "இவ்ளோ கிறுக்கல்! பரம்பரைக் குற்றவாளியோ? அப்பாகிட்டேர்ந்து வந்த ரத்தமா?" என்று ஒருநாள் கேலி செய்தாள்.

அவன் முகம் செத்துப்போயிற்று. ரப்பரை வைத்துவிட்டு எழுந்து போனவன் மறுநாள் வரவில்லை... அதற்கடுத்த நாளும்தான். 'வராட்டி போகட்டும், நானா போய்க் கெஞ்சணும்?' என்று ஐந்து நாள் வீம்பு பிடித்தாள். ஆறாம் நாள் மனசு கேட்கவில்லை. அழிக்காத பக்கங்களைப் புரட்டினாள். 'தகப்பனின் குற்ற இயல்பு மகனுக்கும் வரும்' என்ற வரிக்குக் கீழே கோடு. ஓரத்தில் பொடி எழுத்து: 'அப்பா கொலைக் கேஸ்ல உள்ளே இருக்கார். அப்போ நான்?'

ஐயோ... என்ன பேசிவிட்டேன்!

நூலகரிடம் அவன் வேலை செய்யும் இடத்தை விசாரித்துக்கொண்டு மழையில் ஓடினாள். ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் கதவைத் திறந்துபோட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிடுங்க. நீங்க ஓரத்துல எழுதினதை இப்பதான் படிச்சேன். தெரியாமப் பேசிட்டேன். அந்தக் கோட்பாட்டை எப்பவோ தப்புன்னு தள்ளிட்டாங்க. கிளாஸ்ல நானே வருஷா வருஷம் சொல்றேன்."

"ஊர் தள்ளலையே மேடம்! கொலைகாரன் மகனுக்கு யார் பொண்ணு குடுப்பா? யார்மேலயும் ஆசைப்படக் கூடாதுன்னு இருந்தேன்... உங்களைப் பார்க்கற வரைக்கும் அது சுலபமா இருந்துச்சு."

அவள் ஓரடி அருகில் வந்தாள்.

"உங்கப்பாவுக்குக் கோர்ட் தண்டனை குடுத்துச்சு. உங்களுக்கு யார் குடுத்தா? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எங்க வீட்ல நான் பேசிக்கறேன்... அப்பாவைப் பார்க்க எப்போ போவீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"ஜெயில்ல குடுக்கற மனுவுல என் பேரையும் எழுதுங்க."

அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "என்ன உறவுன்னு கேட்பாங்களே..."

"மருமகள்னு எழுதுங்க" என்றாள் அவள்.