மணலுக்கு அந்தப் பக்கம்

தை அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டால் நம் பக்கத்து ஜனங்களுக்கு வீட்டில் கால் தரிக்காது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தையில் ஆற்று மணல், சித்திரையில் பெரியகுளத்து மாந்தோப்பு, ஆடியில் சுருளி அருவி. நான் சொல்லப்போவது, மேற்கே மலைக்கு மேல் அணை கட்டி, மலையைக் குடைந்து, அந்தப் பக்கம் ஓடுகிற தண்ணீரை இந்தப் பக்கம் திருப்ப வேலை நடந்த காலத்துக் கதை. பயமாயிருந்தால் சொல்லுங்கள் கண்ணுகளா, நிறுத்திவிடுகிறேன்.

ஒச்சாண்டியின் மாட்டுவண்டி உத்தமபாளையம் தாண்டி ஆற்றோரம் வந்து நின்றபோது வெயில் ஏறியிருந்தது. வண்டியிலிருந்து வியாகுலமேரி இறங்கினாள். அவள் மகள் மதலேனாள், ஏழு வயது, தாய்க்கு முன்னால் குதித்து ஓடினாள். புளிச்சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாக்கியம் கடைசியாக இறங்கினாள். பாக்கியம் வியாகுலமேரியின் புருஷனுக்கு அக்காள், இப்போது தம்பி வீட்டில் துணைக்கு வந்து இருக்கிறாள்.

புருஷன் இஞ்ஞாசிமுத்து வரவில்லை. மலைவேலைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. ஒரே ஒரு முறை, போன முதல் வருஷம், கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்தான். உடம்பெல்லாம் வெடிமருந்து வாடை. திரும்பிப் போனவனைப் பற்றிப் பிறகு தகவல் இல்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்றான் ஒருவன். பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்றான் இன்னொருவன். தாலியைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா? இறந்தவர்களுக்கான பூசைக்குக் கொடுப்பதா, சுகத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதா? வியாகுலமேரிக்கு வேண்டியது அது ஒன்றுதான். இருக்கிறானா, இல்லையா என்று தெரிய வேண்டும்.

ஆறு ஓரமாக ஒரு முழத்துக்கு ஒடுங்கி ஓடியது. மீதியெல்லாம் மணல். அந்த நாளில் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு, மலை குடைகிற விளையாட்டு. மணலைக் குவித்து இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து கையால் குடைந்துகொண்டே போவார்கள். நடுவில் விரலும் விரலும் தொட்டுவிட்டால் சுரங்கம் திறந்துவிட்டது. அப்பன்மார் மேலே செய்வதைப் பிள்ளைகள் கீழே செய்தார்கள்.

அன்றைக்கு மதலேனாளுக்குத் துணைப் பிள்ளை இல்லை. தனியாகவே குடைந்தாள்.

உச்சிவேளை. கரையில் நாணல்கூட அசையவில்லை.

"ஆத்தா, தொட்டுட்டாக."

"யாருடி?"

"அந்தப் பக்கத்து ஆளு."

வியாகுலமேரி எட்டிப் பார்த்தாள். குவியலுக்கு அந்தப் பக்கம் மணல் கலையாமல் கிடந்தது. குழி இல்லை. ஆள் இல்லை.

பாக்கியம் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தாள். "தவளையத் தொட்டிருப்பா. அப்படியே அப்பன் புத்தி. எறும்பு கடிச்சாக்கூட ஊரக் கூட்டுவான் அவன்."

"தவளை கையப் பிடிச்சு அமுக்குமா அத்தை?"

சாப்பிடுவதற்கு முன்னால் பிள்ளையின் கையைக் கழுவிவிடக் கூட்டிப்போன வியாகுலமேரி, அந்தச் சின்ன உள்ளங்கையைப் பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள்.

வெடிமருந்து வாடை.

வீட்டுக்கு வந்தும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சித்திரையில், பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள் கழித்து, பாக்கியத்தின் புகுந்த ஊரான பெரியகுளத்துக்கு மாங்காய் பறிக்கிற சாக்கில் போனார்கள். தோப்பு நிழல் குளிர்ந்து கிடந்தது. காம்புப் பாலும் காய்ந்த சருகும் கலந்த மணம். பெண்டுகள் பேசிக்கொண்டிருக்கும்போது வியாகுலமேரி மகளை ஒதுக்கமாகக் கூட்டிப்போய், தன் கையாலேயே மண்ணைக் குவித்துக் கொடுத்தாள்.

"குடை தாயி."

ஆற்றுக்கும் தோப்புக்கும் இரண்டு நாள் வண்டிப் பாதை. பிள்ளையின் கை மண்ணுக்குள் முழங்கை வரை போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பிள்ளை சிரித்தாள்.

"இங்கனயும் வந்துட்டாக ஆத்தா."

வியாகுலமேரி அழுதாள். பயத்தில் இல்லை. எங்கே போனாலும் பிள்ளையைத் தேடி வருகிறார் என்று அழுதாள். ஒரு மாம்பழத் துண்டை மகள் கையில் வைத்து உள்ளே அனுப்பினாள். கை வெறுமையாக வந்தது.

பூமிக்குள்ளிருந்து வருகிறவர் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அன்றைக்குத்தான் அவள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆடி வந்தது. சுருளியில் சாரல், மலையிலிருந்து காற்று ஊளையிட்டு இறங்கியது. பாக்கியம் அருவியில் தலை நனைத்துக்கொண்டிருந்தாள். பாறை இடுக்கில் ஒதுங்கிய மணலில் மதலேனாள் தோள்வரை கையை விட்டிருந்தாள்.

"நான் பேசணும்டி. நீ கைய எடு."

மகள் எடுத்த வழியில் தாய் கையை விட்டாள். மணல் வெதுவெதுப்பாக இருந்தது. போகப் போகக் குளிர்ந்தது. விரல் நுனியில் இன்னொரு விரல் நுனி வந்து தொட்டது.

"வந்துட்டீகளா," என்றாள் மெதுவாக.

அந்தக் கை அவள் கையைப் பிடித்தது. அவளும் ஆசையாகத் தடவினாள். கட்டை விரல். அடுத்து ஆள்காட்டி விரல்.

முழுதாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தியே கரும்பாலையில் சிக்கி, இஞ்ஞாசிமுத்துவுக்கு இரண்டு கையிலும் ஆள்காட்டி விரல் பாதிதான்.

அவள் கையை இழுத்தாள். அது தடுக்கவில்லை. கை வெளியே வருமுன் அவள் வளையலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது, யாருடைய கை இது என்று தெரிந்துகொள்கிற மாதிரி. பிறகு அவளை விட்டுவிட்டு, பக்கத்து மணலில் துழாவ ஆரம்பித்தது. மணலின் மேற்பரப்பு இங்கும் அங்கும் மெல்ல மேடிட்டு அடங்கியது.

பிள்ளையைத் தேடியது.

அதற்குப் பிறகு கட்டுச்சோறு இல்லை, கிளம்பல் இல்லை. மகளை வாசல் மண்ணில்கூட உட்கார விடவில்லை. சித்திரையிலிருந்து மூன்று மாதம் யாரிடம் பிள்ளையைக் கொடுத்துப் பழக்கினோம் என்று நினைக்கும்போதெல்லாம் மகளின் கையை மறுபடி கழுவிவிட்டாள். அது அவர் இல்லையென்றால் அவர் எங்கே என்பதும் உள்ளேயே கிடந்து அரித்தது. ஜெபமாலையை உருட்டுவதைத் தவிர அவளால் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

புரட்டாசி முடிந்தது. மழை பிந்தியிருந்தது, ஆறு மணலாகவே கிடந்தது. மலைத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், இன்றைக்கு வந்து சேரும் என்று ஒரு காலையில் தண்டோரா போட்டார்கள். ஊரை ஒட்டிய ஆற்றங்கரைக்கு ஊர் முழுக்கப் புறப்பட்டது. வியாகுலமேரி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அடுப்பில் இருந்த உலையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மதலேனாளைக் காணவில்லை.

ஓடினாள். கரையில் திருவிழாக் கூட்டம். நடு ஆற்றில், மணலில், சின்ன உருவம் ஒன்று ஒருக்களித்துப் படுத்திருந்தது. இடது கை தோள்வரை மணலுக்குள்.

தூரத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செம்பழுப்பாக, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, சத்தமே இல்லாமல்.

"அண்ணே, எம் பிள்ளை."

ஒச்சாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். பாக்கியமும் இறங்கினாள். மண்ணைத் தள்ளத் தள்ள மணல் சரிந்து மூடியது. பிள்ளை அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, முகம் சிவந்து கிடந்தாள்.

"விட்டுரு," என்று வியாகுலமேரி மணலில் வாயை வைத்துக் கெஞ்சினாள். "நீ யாரா இருந்தாலும் சரி. என்னையப் பிடிச்சுக்க. அவள விட்டுரு."

"தண்ணி வந்துருச்சு தாயி," என்றான் ஒச்சாண்டி. "இடுப்பப் பிடிங்க. மூணு பேரும் சேந்து இழுத்தாத்தான் உண்டு."

இழுத்தார்கள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தார்கள். ஆழக் கிணற்றிலிருந்து நிறைகுடம் ஏறுவதுபோல், கனத்து, விரல் விரலாக, கை மேலே வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறவும் தண்ணீர் அந்த இடத்தை மூடவும் சரியாக இருந்தது. கரையில் குலவை போட்டார்கள். பாக்கியம் தரையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வியாகுலமேரி மகளின் முகத்தைத் துடைத்தாள்.

"அது உன்னய இழுத்துச்சா தங்கம்?"

"இல்ல ஆத்தா. நாந்தான் அவுகள இழுத்தேன்." பிள்ளைக்கு இன்னும் மூச்சிரைத்தது. "தண்ணி வந்தா மூடிருமாம். வெளிய வரணுமாம். எனக்குத் தெம்பு பத்தல. முழங்கை வரைக்குந்தான் வந்தாக."

ஒச்சாண்டி ஆற்றைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம் நீங்க எல்லாருஞ் சேந்து இழுத்தீகல்ல," என்றாள் மதலேனாள். "முழுசா வந்துட்டாக."

அப்போதுதான் வியாகுலமேரி கவனித்தாள். பிள்ளையின் இடது கை கீழே தொங்கவில்லை. பெரியவர் ஒருவர் விரலைப் பிடித்து நடக்கிற பிள்ளைக்கு இருப்பதுபோல், காதுக்கு நேராகத் தூக்கியிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. அதை இறக்கப் பார்த்தாள். இறங்கவில்லை. மடங்கிய விரல்களுக்கு நடுவே அவள் விரல் நுழையவும் இடமில்லை.

வலது கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வேறென்ன செய்வாள். எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், மந்திரித்துப் பார்த்தார்கள், கோவிலில் தீர்த்தம் தெளித்தார்கள். ஆறு அதற்குப் பிறகு வற்றவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க இரண்டு போகம் விளைந்தது. இஞ்ஞாசிமுத்து வரவே இல்லை.

மதலேனாள் வளர்ந்தாள். வளர வளர அந்தக் கை தாழ்ந்துகொண்டே வந்தது. பதினெட்டு வயதில், சோடியாக நடக்கிறவர்கள் கை கோத்துக்கொள்கிற உயரத்துக்கு வந்து நின்றது. வரன் கேட்டு யாரும் வரவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் வியாகுலமேரி அவளுடைய வலது கையைப் பிடித்தபடி கோவிலுக்குக் கூட்டிப்போவாள். பாயில் உட்காரும்போது மகள் தன் இடது பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விடுவாள். எவ்வளவு கூட்டமிருந்தாலும் அங்கே யாரும் நெருங்கி உட்கார்ந்ததில்லை.

பூசை முடிந்து எல்லாரும் எழுந்து போனபிறகு, பாயில் அந்த இடம் மட்டும் ஈரமாக இருக்கும்.